சுவிட்ச் பெட்டியும் ஊறவைத்த கடலையும்

எங்கள் கம்ப்யூட்டர் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி, ஓய்வில் வீட்டோடு இருக்கும் எனக்கு முதலாளி போன வாரம் போனில் கோல் எடுத்தார். "ஒரு ஆபீசுக்கு எந்த சுவிட்ச் எடுக்கிறது, எந்தக் கேபிள் போடுறது, அத மட்டும் எழுதுங்க மாஸ்டர். பழைய கதைய ஆரம்பிச்சிடாதீங்க" என்றார். என்னை நன்றாகத் தெரிந்தவர், அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

சரி, அவர் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். ஓர் ஆபீசின் கம்ப்யூட்டர் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். அங்கே எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறதோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வயர் மாட்டும் வாய் உள்ள பெட்டியாக எடுங்கள். இன்று நான்கு பேர் இருக்கும் ஆபீசில் நாளைக்கு ஆறு பேர் உட்காருவார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள், கண்ணாடி இழையால் ஆன ஃபைபர் போடுங்கள். நம் மலையில் இடி எந்தக் கம்பியையும் சும்மா விடுவதில்லை. தேயிலைத் தூள் பறக்கும் இடத்தில் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள். மலிவான பிளக் வாங்காதீர்கள். அவ்வளவுதான், முதலாளி கேட்டது முடிந்தது. மீதியெல்லாம் பெட்டியின் அட்டையிலேயே அச்சடித்திருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் எழுத நினைத்தது.

நம் தொழிலில் ஒரு கொடுமை இருக்கிறது. நன்றாக வேலை செய்தால் யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். தையல்காரர் நல்ல சட்டை தைத்துக் கொடுத்தால் தீபாவளிக்குத் தீபாவளி அவரைத் தேடிப் போகிறார்கள். நாம் நல்ல கேபிள் போட்டுக் கொடுத்தால் நம் பெயரையே மறந்துவிடுகிறார்கள். நான் ஒழுங்காகச் செய்து கொடுத்த ஆபீஸ் ஒன்றிலிருந்தும் எனக்குப் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து வந்ததில்லை. தாறுமாறாகச் செய்தவனைத்தான் வாரம் ஒரு தடவை கூப்பிட்டு, நாலு வார்த்தை ஏசி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்புவார்கள். இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் விளங்கவில்லை. விளங்க வைத்தது உடப்புசல்லாவைக்கு அப்பால் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்.

தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஆபீஸ் மேட்டில் இருந்தது, தேயிலைத் தொழிற்சாலை பள்ளத்தில் இருந்தது. தொழிற்சாலையைத் தோட்டத்தில் எல்லோரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்குப் பறித்த கொழுந்தின் எடை ஸ்டோரிலிருந்து வயர் வழியாக ஆபீசுக்கு ஏறும். ஆபீசிலிருந்து பொழுது சாய்வதற்குள் கொழும்பில் இருக்கும் கம்பனிக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் கொழும்பிலிருந்து துரைக்கு ஏச்சு விழும். துரை என்றால் தோட்டத்து மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலமாகியும் நாம் அந்தச் சொல்லை விடவில்லை.

முதல் தடவை நான் போனபோது பழுது உண்மையான பழுது. ஆபீசில் சுவிட்ச் பெட்டி இருந்த பதிவறைச் சுவருக்குப் பின்னால் எலி கேபிளைக் கடித்திருந்தது. கடை இருக்கும் ஹட்டனிலிருந்து நுவரெலியா, அங்கே பஸ் மாறி உடப்புசல்லாவை, அங்கிருந்து தோட்டத்துச் சந்தி வரைக்கும் ஆட்டோ என்று போய்ச் சேரவே பகல் ஆகிவிட்டது. வேலையை முடித்துப் பெட்டியை மூடும்போது கடைசி பஸ் தோட்டத்துச் சந்தியைத் தாண்டிப் போகும் ஹோர்ன் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் பனிமூட்டத்தில் ஆபீசின் இரும்புக் கேட்டுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் பெரிய கிளாக்கர் குடையோடு வந்து நின்றார். தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர், துரைக்கு அடுத்த ஆள் அவர். ஓய்வுக்கு இரண்டு வருடம்கூட இல்லாத வயது. நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை, அதன் மேல் ஒரு பழைய ஸ்வெட்டர்.

"பஸ்ஸு போயிருச்சுங்க தம்பி. இனி அது நாளைக்குத்தான். நின்னு முழிச்சா திரும்பியா வரப்போவுது? வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்."

தோட்டம் அவருக்குக் கொடுத்திருந்த குவாட்டர்ஸ் ஆபீசுக்குப் பின்னால் இருந்தது. மூன்று பேர் வாழ்ந்த வீடு அது, அன்றைக்கு ஒருவர்தான் இருந்தார். மனைவி நோயில் போய்விட்டார். மகன் கொழும்பில் வேலை. "தீவாளிக்கு வருவான். வந்தாலும் ரெண்டாம் நாளே மூட்டைய கட்டிருவான். குளிருதாம் அவனுக்கு. இங்கதான் பொறந்தான், இப்ப குளிருதாம்" என்று சிரித்தார். முன்னறையில் கேரம் பலகை ஒன்று விரித்தபடி இருந்தது. காய்கள் பாதி ஆட்டத்தில் கிடந்தன.

"யாரோட ஆடுறீங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளையும் நான்தான், கறுப்பும் நான்தான். எப்பவும் நான்தான் ஜெயிக்கிறேன். தோக்கிறதும் நான்தான், அதுதான் கொஞ்சம் கடுப்பு."

அன்றைக்கு நாங்கள் இருவரும் ஆடினோம். மனுஷர் தோற்றால் காயை எண்ணிப் பார்ப்பார், நான் கள்ளம் செய்தேன் என்பார், மறுபடி அடுக்குவார். கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். நானும் தனியாள்தான். கல்யாணம் என் வாழ்க்கையில் நடக்கவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். ஹட்டனில் என் அறையில் ஒரு பிளேட், ஒரு கோப்பை. இன்னொருவர் எதிரில் இருந்து சாப்பிட்டால் சோறு வேறு ருசியாக இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேய்ப் பழுது ஆரம்பித்தது. காலையில் கிளாக்கர் கடைக்குக் கோல் எடுப்பார். "ஸ்டோரு லைன் இல்லைங்க தம்பி. எட ஒண்ணும் வரமாட்டேங்குது." நான் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தால், பெட்டியில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். ஸ்டோரிலிருந்து எடை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்.

"இப்பத்தாங்க வந்துச்சு. நீங்க சந்தியில எறங்குன ஒடனே வந்திருச்சு. ஒங்களக் கண்டா பயம் போல" என்பார் கிளாக்கர்.

வந்து வந்து போகும் பழுதைப் போல மனிதனை அலைக்கழிப்பது வேறில்லை, இதை நீங்களும் சீக்கிரம் அனுபவிப்பீர்கள். செத்துப்போன பெட்டியை மாற்றிவிடலாம். நாம் போனால் நல்ல பிள்ளையாக நிற்கிற பெட்டியை என்ன செய்வது? மறுபடி விழுகிறதா பார்க்கலாம் என்று காத்திருப்பேன். அது விழாது. ஆனால் பஸ் போய்விடும். பிறகு கேரம், சோறு, காலையில் ரொட்டியும் சம்பலும்.

நான் என்னவெல்லாம் மாற்றினேன் என்று கேளுங்கள். முதலில் பிளக் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அடுத்து சுவிட்சையே மாற்றினேன். அடுத்து, ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் நடுவே கிடந்த செம்புக் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் குழாய்க்குள் ஃபைபர் போட்டேன். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, தேயிலைச் செடிக்குள் குனிந்து குனிந்து போட்ட ஃபைபர். அதற்கு அடுத்த மாதமே கோல் வந்தது. "லைன் இல்லைங்க தம்பி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சின்ன ஆபீஸ், விரல்விட்டு எண்ணக்கூடிய வயர்கள். இதைச் சரிசெய்யத் தெரியாதவன் எதற்கு இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று நினைத்தேன். முதலாளிதான் என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தார்.

"ஏன் மாஸ்டர், ஒவ்வொரு போயாவுக்கும் முதல் நாள் பாத்து அந்த சுவிட்சுக்குக் காய்ச்சல் வருதே. அதுக்கும் லீவு வேணுமாமா?"

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நானும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டேன். பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முதல் நாள் போனால் மறுநாள் ஆபீஸ் பூட்டு, கிளாக்கருக்கும் லீவு, நானும் அவசரமாகத் திரும்ப வேண்டியதில்லை. அதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. நாம் படித்தது வயரையும் பெட்டியையும். சந்தேகம் என்று வந்தால் நம் கண் அங்கேதான் போகிறது.

ஃபைபருக்குப் பிறகு வந்த அந்தக் கோலுக்குப் போனபோது துரை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சிங்களவர். நாங்கள் பேசியதும் சிங்களத்தில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்று காலை கொழும்பிலிருந்து நல்லபடி ஏச்சு வாங்கியிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"பெட்டிய மாத்துனீங்க. கேபிள மாத்துனீங்க. இனி என்னத்த மாத்தப் போறீங்க, என்னையா?" என்றார்.

நான் பையைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியும் எங்க பிழைன்னு. கூட்டுற பொம்பள வௌக்கமாத்தால வயர இழுத்து வைக்கிறா. பதிவறைக்குள்ள வேற யாரு போறா? திங்கக்கெழமையிலிருந்து அவ மலைக்குப் போகட்டும். ஆபீஸ் பக்கம் வர வேணாம்."

ஆபீஸ் கூட்டுகிற காமாட்சி அக்காவைத்தான் சொன்னார். மலைக்குப் போவது என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவது. அந்த அக்கா மலையில் விழுந்து முழங்கால் கெட்டுப் போனதால்தான் ஆபீசுக்கே வந்தார். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். அவரை மறுபடி அந்தச் சரிவில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை.

"இன்னொண்ணு" என்றார் துரை. "எந்த வயர் எத்தன மணிக்குக் கழண்டதுன்னு எழுதி வைக்கிற சுவிட்ச் இருக்காமே. கழண்ட ஒடனே என் போனுக்குச் சொல்லுமாமே. அதப் போடுங்க, இன்னைக்கே. யாருக்கும் சொல்ல வேணாம். இனி எவனாவது கைய வச்சா அன்னைக்கே அவனுக்குச் சீட்டைக் கிழிக்கிறேன். அது யாரா இருந்தாலும் சரி."

அப்படிப்பட்ட பெட்டி ஒன்றை நான் கையோடு கொண்டுவந்திருந்தேன். அந்த ஆபீசுக்குச் சரியான பெட்டியும் அதுதான். சாப்பிட்டுவிட்டு வந்து பொருத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கிளாக்கர் வாசலில் குடையோடு நின்றார்.

குவாட்டர்சில் சோறும், தேங்காய்ப்பால் விட்டுத் தடிப்பாக வைத்த கொண்டைக்கடலைக் கறியும். எனக்குக் கடலை பிடிக்கும் என்று போன தடவை வாய் தவறிச் சொல்லியிருந்தேன். ஒரு வாய் வைத்தேன். கடலை நாக்கில் வெண்ணெயாகக் கரைந்தது. இன்னொரு வாய் எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவனுக்குக் கடலையைப் பற்றி நன்றாகத் தெரியும். அதை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் போட வேண்டும். காலையில் போட்டால் மத்தியானத்துக்குக் கல்லுக் கல்லாகத்தான் இருக்கும். ஒரு ஆளுக்கு என்று அளந்து போட்டாலும் கூடிப் போகும், அதனால் நான் கடலை சமைப்பதையே விட்டுவிட்டேன். இவர் சட்டி நிறைய வைத்திருந்தார். லைன் இல்லை என்று எனக்குக் கோல் வந்தது அன்று காலையில். கடலை ஊறியது அதற்கு முந்தின ராத்திரி.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல எப்பங்க ஊறப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் என் பிளேட்டிலிருந்து கண்ணை எடுத்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"வயரப் பிடுங்க மாட்டேன் தம்பி. லேசா இழுத்து வைப்பேன், அவ்வளவுதான். நீங்க சந்தியில எறங்குறத ஜன்னல்ல கண்டதும் மறுபடி தள்ளி விட்டுருவேன். நீங்க பிளக் மாட்டுறத பாத்துக்கிட்டு இருந்தேன்ல, அதுல படிச்சது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது, மறைக்கவில்லை. மழையில் போட்ட ஃபைபர் ஞாபகம் வந்தது. "நான் வரணும்னா வான்னு சொல்லியிருக்கலாம்ல! நான் என்ன வரமாட்டேன்னா சொன்னேன்? கிறுக்குப் புடிச்சு அலைஞ்சேன்யா நான்!" என்று கத்தினேன்.

"வேல இல்லாம எப்படிங்க தம்பி ஒரு மனுசன வான்னு கூப்பிடுறது?" என்றார் அவர். "என்னத்துக்குன்னு கேப்பீங்க. நான் என்ன சொல்றது? கேரம் ஆடவான்னா? சிரிப்பீங்க. ஒரு காரணம் வேணாமா?"

அவர் சொன்னது உண்மை. அப்படிக் கூப்பிட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன். பஸ் இல்லை, வேலை இருக்கிறது என்று ஏதாவது சொல்லியிருப்பேன். ஆசை இருந்தும் போயிருக்க மாட்டேன்.

காமாட்சி அக்காவின் விஷயம் அவருக்குத் தெரியாது. துரை சொன்னதைச் சொன்னேன். கையிலிருந்த சோற்றைப் பிளேட்டில் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

"ஐயோ, அந்தப் பொம்பளையா? அது நடக்கவே மாட்டாம நடக்குது தம்பி! நான் இப்பவே போய் துரைகிட்ட சொல்லிடுறேன். நான்தான்னு சொல்லிடுறேன்."

"ஒக்காருங்க" என்றேன்.

"என்ன ஒக்காருறது? என்னால ஒரு ஏழ மலைக்குப் போறதா?"

"ஒக்காருங்க கிளாக்கரையா. நீங்க போய்ச் சொன்னா அந்தக் கோவத்துல இன்னைக்கே ஒங்கள எறக்கிருவாரு. வேலையும் போயிரும், இந்த வீடும் போயிரும். ஒரு வருசம் பொறுத்தா மாலையோட எறங்க வேண்டிய மனுசன், கள்ளன்னு பேரு வாங்கிட்டு எறங்கணும். ஒங்க மகனுக்கு என்னன்னு சொல்லுவீங்க?"

மகன் என்றதும் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

பிள்ளைகளே, நம் வேலையில் நெருக்கடி என்பது பெட்டி எரிவது இல்லை. அப்படி ஒரு மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, துரையின் அறை வரைக்கும் நடக்கிற அந்தக் கொஞ்ச தூரம்தான் நெருக்கடி. பொய் சொன்னால் நான் தொழில் செய்கிறவன் இல்லை. உண்மை முழுவதையும் சொன்னால் ஒரு மனிதன் அழிந்தான். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு பெண் மலைக்குப் போகிறாள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று எந்தப் பெட்டியின் அட்டையிலும் அச்சடித்திருக்காது.

துரையிடம் போய் நேராகச் சொன்னேன். "சார், அந்த அம்மா இல்ல. அவங்க விடியக்காலையிலேயே கூட்டிட்டுப் போயிடுறாங்க. லைன் போறது அதுக்கப்புறம். நீங்களே யோசிச்சுப் பாருங்க."

துரை யோசித்தார். அது சரிதான் என்று அவருக்கும் பட்டது. "அப்ப யாரு?"

"கேபிள்ல பிழை இல்ல, பெட்டியிலயும் பிழை இல்ல. வச்ச எடம் பிழை. தேத்தண்ணிக் கோப்ப வைக்கிற தட்டுல, போறவங்க வாறவங்க கை படுற எடத்துல பெட்டி இருக்கு. இரும்புக் கூட்டுக்குள்ள வச்சுப் பூட்டுறேன். சாவிய நீங்க வச்சுக்கங்க. இனி கழறாது."

"யாரு கைன்னு கேட்டேன்."

"சார், இனிமே லைன் போகக் கூடாதுன்னு கூப்பிட்டீங்களா, ஒரு ஆள அனுப்பணும்னு கூப்பிட்டீங்களா? மொத வேலைக்கு நான் பொறுப்பு. மறுபடி லைன் போச்சுன்னா எங்க கடைய நீங்க உள்ள விட வேணாம். ரெண்டாவது வேல எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுத்தான் கடையை நினைத்தேன். அந்தக் கம்பனியின் எல்லாத் தோட்டங்களின் லைன் வேலையும் நம் கடையிடம்தான் இருந்தது. துரைக்குக் கோபம் வந்திருந்தால் கடைக்கே பெரிய அடி. அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே, பின்னால் தெரிந்த குவாட்டர்ஸ் பக்கம் பார்த்தார். அவருக்கு என்ன விளங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"பூட்டுங்க" என்றார்.

"ஒண்ணு மட்டும் சார். மாசத்துல ஒரு தடவ ஆள் வந்து அந்த இரும்புக் கூட்டத் திறந்து பாக்கணும். இந்த மலை ஈரத்துக்குப் பிளக்கெல்லாம் பச்சக் களிம்பு புடிக்கும், தூளும் அடையும். காசு வேணாம், நானே வாறேன்."

"காசு வேணாமா? போன தடவ இதச் சொல்லலையே நீங்க."

"போன தடவ எனக்குத் தெரியல சார்."

அவர் சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. மீசை கொஞ்சம் அசைந்தது. போயாவுக்கு முதல் நாள் வந்தால் ஆபீஸ் வேலை தடைப்படாது என்று அவரே சொன்னார்.

காமாட்சி அக்கா திங்கட்கிழமையும் விளக்குமாற்றோடு ஆபீசுக்குத்தான் வந்தார். நான் அந்த நல்ல சுவிட்சை இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு லைன் ஒரு நாளும் போகவில்லை. ஒவ்வொரு மாதமும் நான் போனேன். கூட்டைத் திறப்பேன், தூசி தட்டுவேன், பச்சை விளக்குகளைப் பார்ப்பேன், மூடுவேன். அவ்வளவுதான் வேலை. கிளாக்கர் குடையோடு வாசலில் நிற்பார். "என்னங்க தம்பி, பெட்டிக்கு ஒடம்பு சொகமா?" என்பார். பிறகு கடலை, கேரம், கள்ள ஆட்டம். அவருக்காகத்தான் போகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் மண்சரிவில் பாதை அடைபட்டுப் போக முடியாமல் ஹட்டன் அறையிலேயே இருந்தபோதுதான், அந்த ஒரு நாளுக்காக நான் மாதம் முழுவதும் காத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

அவர் மாலையோடுதான் இறங்கினார். துரையே மாலை போட்டார், காமாட்சி அக்கா ஒரு ஓரத்தில் நின்று அழுதார். மகன் வந்து கொழும்புக்கு அழைத்துப் போனான். அங்கிருந்து எனக்கு ஒரு தடவை கோல் எடுத்தார்.

"இங்க நெட்டு ரொம்ப நல்லா வேல செய்யுது தம்பி. ஒரு வயருகூட கண்ணுல காங்கல. எதப் போய் நான் இழுத்து வைக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் வந்து பார்க்கிறேன் என்றேன், போய்ப் பார்த்தேன். மாடியில் ஓர் அறை. கேரம் பலகை வைக்க இடமில்லை. அடுத்த வருடம் மகன் கோல் எடுத்து, அப்பா போய்விட்டார் என்று சொன்னான்.

தோட்டத்துக்கு வந்த புதிய கிளாக்கர் நல்ல கெட்டிக்காரர். "பெட்டிய நீங்க ஹட்டன்ல இருந்தே பாத்துக்கலாமே, என்னத்துக்கு இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். அதோடு அந்தப் பயணம் நின்றது. நான் வைத்த பெட்டிகளில் அது ஒன்றுதான் இன்றும் பழுதில்லாமல் ஓடுகிறது என்று கேள்வி. அதனால் என்னை அங்கே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆகவே பிள்ளைகளே, நல்ல பெட்டியாகவே எடுங்கள், பூட்டி வையுங்கள், கேபிளைக் குழாய்க்குள் போடுங்கள். தூரத்தில் இருந்தே பார்க்க முடிந்தாலும், மேட்டில் தனியாக இருக்கும் ஆபீசுக்கு மாதம் ஒரு தடவை நேரில் போங்கள். கொடுக்கும் தேத்தண்ணியை உட்கார்ந்து குடியுங்கள். இதைத்தான் நான் எழுத நினைத்தேன், முதலாளி கோபித்தாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. இது உங்களில் ஒருத்திக்கு மட்டும், நோட்டன் பிரிட்ஜிலிருந்து வரும் பிள்ளைக்கு.

போன மாதம் என் வீட்டு நெட் வேலை செய்யவில்லை என்று நான் கடைக்குக் கோல் எடுத்தேன், நீதான் வந்தாய். மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தாய். வயர் லேசாகக் கழன்றிருந்தது. தள்ளிவிட்டாய், பச்சை விளக்கு வந்தது. "அவ்வளவுதாங்க ஐயா" என்று கிளம்பப் போனவளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். நீயும் உட்கார்ந்தாய். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். "கடல நல்லா பூ மாதிரி வெந்திருக்குங்க ஐயா, எப்ப ஊறப் போட்டீங்க?" என்று கேட்டாய். காலையில்தான் என்று சொன்னேன்.

காலையில் போட்டால் ஊறாது என்பது இப்போது உனக்குத் தெரியும். அடுத்த மாதமும் வா, பிள்ளை. வயர் நன்றாகத்தான் இருக்கும்.